அடுத்தவர் விடும் புகை: டீக்கடை, மண்டபம், திண்ணை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொது இடத்தில் பீடி, சிகரெட் பிடிப்பது பற்றி தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கத்தில் வழக்கமாக எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே இருக்கின்றன. பிடிப்பவரைத் திருத்துவது நோக்கமில்லை. பிடிக்காதவர் மூக்கில் அந்தப் புகை ஏறாமல் இருக்க என்ன வழி, அதற்கு யார் பொறுப்பு என்பதுதான் பேச்சு.

பிடிப்பது அவர். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு என்ன வந்துவிடும்?

பிடிப்பவர் இழுத்து வெளியே ஊதுவது ஒரு புகை. அவர் இழுக்காமல் பேசிக்கொண்டிருக்கும்போது விரலிடுக்கில் எரியும் முனையிலிருந்து கிளம்புவது இன்னொரு புகை. அறைக்குள் சேர்வதில் பெரும்பங்கு இந்த இரண்டாவதுதான். இழுக்கும்போது கங்கு கனன்று எரியும். சும்மா இருக்கும்போது சூடு குறைந்து அரைகுறையாக எரியும். அரைகுறையாக எரிவதில் நச்சு கூடுதல். சிகரெட்டின் பஞ்சு முனை வழியாக அது வருவதும் இல்லை, நேராகக் காற்றில் கலக்கிறது.

புகையிலைப் புகையில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் இருக்கின்றன. அவற்றில் எழுபது அளவுக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை. அடுத்தவர் புகையைச் சுவாசிப்பது மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அறிவித்துவிட்டது. வீட்டிலோ வேலையிடத்திலோ தொடர்ந்து இந்தப் புகையில் இருப்பவருக்கு இதய நோய் வரும் வாய்ப்பு 25 முதல் 30 சதவீதம் வரையும், நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 20 முதல் 30 சதவீதம் வரையும் கூடுகிறது என்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2006ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்பதும் அதே அறிக்கைதான்.

எங்கள் தாத்தா எண்பது வயது வரை சுருட்டு பிடித்தார். கல்லுக்குண்டு மாதிரி இருந்தாரே?

இருந்திருப்பார். உறையூர்ச் சுருட்டு இங்கிலாந்து வரைக்கும் பேர்போன சரக்கு. நம் பக்கத்தில் சுருட்டுத் தாத்தா இல்லாத குடும்பம் குறைவு. ஆனால் தாத்தாவைப் பற்றிப் பேசும் யாரும் பாட்டியின் இருமலைப் பற்றிப் பேசுவதில்லை. அது அடுப்படிப் புகையின் கணக்கிலோ, வயசின் கணக்கிலோ போய்விடும்.

பாட்டிகளைக் கணக்கெடுத்த ஆய்வு ஒன்று உண்டு. ஜப்பானில் தகேஷி ஹிராயாமா என்ற ஆய்வாளர், புகைபிடிக்காத மனைவியர் 91,540 பேரைப் பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1981இல் முடிவை வெளியிட்டார். கணவர் எவ்வளவு அதிகமாகப் பிடித்தாரோ அந்த அளவுக்கு மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறியது. அந்தப் பெண்கள் ஒரு சிகரெட்டைக்கூடத் தொட்டவர்கள் இல்லை. சிகரெட் கம்பெனிகள் அந்த ஆய்வைக் கிழித்துத் தோரணம் கட்டப் பார்த்தன. பிறகு நடந்த ஆய்வுகள் அதன் பக்கமே நின்றன.

பீடி வெறும் இலைதானே? சிகரெட்டை விடத் தேவலையா?

தேவலை இல்லை. பீடி இலையில் காற்றுப் புகாது, விட்டுவிட்டால் அணைந்துவிடும். அதனால் அடிக்கடி, அழுத்தி இழுக்க வேண்டியிருக்கிறது. தாரும் கார்பன் மோனாக்சைடும் குறைவாக வருவதில்லை. சட்டமும் பீடி, சிகரெட், சுருட்டு என்று பாகுபாடு பார்ப்பதில்லை.

ஃபேனைப் போட்டு ஜன்னலைத் திறந்துவிட்டால் போகாதா?

ஃபேன் புகையை வெளியேற்றாது, எல்லாருக்கும் பங்கு போட்டுக் கொடுக்கும். ஜன்னலைத் திறந்தால் குறையும், தீராது. மூடிய அறையில் ஒருவர் பிடித்துவிட்டுப் போன பிறகும் நுண்துகள்கள் மணிக்கணக்கில் மிதக்கும். கண்ணுக்குத் தெரியவில்லை, வாடை வரவில்லை என்பதை வைத்துக் காற்று சுத்தமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. குளிர்சாதனம் ஓடும் அறை இன்னும் மோசம், உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றி விடுகிறது.

டீக்கடை பெஞ்ச் வெட்டவெளியில் இருக்கிறது. அங்கேயும் கூடாதா?

இதுதான் அதிகம் வரும் கேள்வி, அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

முதலில் காற்றுக் கணக்கு. வெட்டவெளியில் புகை சீக்கிரம் கலைந்துவிடும் என்பது உண்மை. பிடிப்பவர் சிகரெட்டை அணைத்துவிட்டால் ஓரிரு நிமிடத்தில் போய்விடும். ஆறேழு அடி தள்ளி நின்றால் வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் டீக்கடை பெஞ்சில் யாரும் ஆறடி தள்ளி உட்காருவதில்லை. தோளோடு தோள் ஒட்டி, ஒரே பேப்பரை நான்கு பேர் பிரித்துப் படிக்கும் இடம் அது. இரண்டடி தூரத்தில், காற்று உங்கள் பக்கம் வீசினால், வீட்டு அறைக்குள் இருப்பதற்குச் சமமான புகை உங்களுக்கு வந்துவிடும். கடைக்கு முன்னால் தார்ப்பாயோ தகரமோ இறக்கியிருந்தால் அது வெட்டவெளியும் இல்லை.

அடுத்தது சட்டம். பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை விதிக்கும் விதிகள் 2008 அக்டோபர் 2 அன்று நடைமுறைக்கு வந்தன. அவற்றில் உணவகம் என்பதற்குத் தரும் விளக்கம் விரிவானது: சாப்பாடோ குடிக்கவோ கொடுக்கும் எந்த இடமும், அதைச் சுற்றியுள்ள திறந்தவெளியும் சேர்த்து. ஆக, கடைக்கு முன்னால் கிடக்கும் பெஞ்சும் தடைக்குள்தான் வருகிறது. இன்னொன்றும் இருக்கிறது. தீப்பெட்டி, லைட்டர், சாம்பல் கிண்ணம் என்று பிடிப்பதற்கு வசதி செய்யும் எதையும் அங்கே வைக்கக் கூடாது. கம்பத்தில் எரியவிட்டுத் தொங்கும் தேங்காய் நார்க் கயிறும், இப்போது அதற்குப் பதிலாக நூலில் கட்டித் தொங்கும் லைட்டரும் இதில் சேர்த்தி.

நான் டீக்கடை வைத்திருக்கிறேன். தம் அடிக்க விடாவிட்டால் எவன் வருவான்?

பயம் நியாயமானது. டீயும் சிகரெட்டும் ஜோடியாக விற்கும் சரக்கு. ஆனால் 2004இல் அயர்லாந்து நாடு முழுக்கச் சாராயக் கடை உட்பட எல்லா வேலையிடத்திலும் தடை கொண்டுவந்தபோதும் இதே புலம்பல்தான் கேட்டது. தடை வந்த ஊர்களின் வியாபாரக் கணக்கை நடுநிலையாக ஆராய்ந்தவர்கள் பெரிய நஷ்டம் எதையும் காணவில்லை. பிடிக்காதவரும் டீ குடிக்கிறார், பிள்ளைக்கு வடை வாங்க வரும் அம்மாவும் வாடிக்கையாளர்தான்.

என் யோசனை இது: முதல் காரியமாக அந்த லைட்டர் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். நெருப்பு இல்லாத இடத்தில் பத்த வைக்கும் பழக்கம் தானாகவே பாதி குறையும். பெஞ்சில் உட்கார்ந்து பிடிக்காதீர்கள் என்று ஒரு வரி எழுதி, வாடிக்கைக்காரர்களிடம் நீங்களே ஒரு வாரம் வாயால் சொல்லுங்கள். மாஸ்டர் சொன்னால் கேட்கும் கூட்டம் போலீஸ் சொன்னால்கூடக் கேட்காது. கடையும் பள்ளிக்கூடத்திலிருந்து 100 கஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள் இருந்தால் புகையிலை விற்கவே கூடாது. 18 வயது ஆகாத பையனிடம் எங்கே இருந்தாலும் விற்கக் கூடாது. அப்பாவுக்குத்தான் வாங்குகிறேன் என்று சொன்னாலும் அப்படியே.

சட்டத்தில் சரியாக என்னதான் இருக்கிறது? அபராதம் போடுவது யார்?

அடிப்படை 2003ஆம் ஆண்டு மத்தியச் சட்டம். அதற்கு முன்பே, 2001 நவம்பரில் முரளி தேவ்ரா தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவமனை, பள்ளி, நூலகம், பேருந்து, ரயில் போன்ற இடங்களில் புகைபிடிக்கத் தடை விதித்திருந்தது. சட்டத்தின் 4ஆம் பிரிவு பொது இடத்தில் புகைபிடிப்பதைத் தடுக்கிறது. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். இன்றைக்கு இரண்டு பேர் ஹோட்டலில் சாப்பிடும் காசு, அவ்வளவுதான். அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது 2008இல் வந்த விதிகள்தான் இதற்குப் பல் கொடுத்தன. சினிமாக் கொட்டகை, கடைவளாகம், எல்லா வேலையிடங்களும் பட்டியலில் சேர்ந்தன. பேருந்து நிலையமும் ரயில் நிலையமும் விளையாட்டரங்கமும் ‘திறந்தவெளி’ என்று சொல்லித் தப்ப முடியாது என்பதும் அப்போது வந்ததுதான்.

அபராதம் போலீஸ் மட்டும் போடுவது என்று பலரும் நினைக்கிறார்கள். ரயில் நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டர், தபால் நிலையத்தில் போஸ்ட் மாஸ்டர், பள்ளியில் தலைமை ஆசிரியர், நூலகத்தில் நூலகர் என்று அந்தந்த இடத்தின் பொறுப்பாளருக்கே அதிகாரம் இருக்கிறது.

எனக்குச் சட்டத்தில் பிடித்த பகுதி இன்னொன்று. இடத்தின் உரிமையாளரோ மேலாளரோதான் அங்கே யாரும் பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புகார் யாரிடம் சொல்வது என்று பெயரோடு எழுதி வைக்க வேண்டும். புகார் வந்தும் அவர் கண்டுகொள்ளாவிட்டால், எத்தனை பேர் பிடித்தார்களோ அத்தனை பேரின் அபராதமும் அவர் தலையில். பிடித்தவரோடு நீங்கள் மல்லுக்கு நிற்கத் தேவையில்லை, பொறுப்பாளரைத் தேடிப் போனால் போதும்.

கல்யாண மண்டபத்தில் ஆண்கள் கூட்டம் பந்தி வாசலிலேயே நின்று பிடிக்கிறது. யாரைக் கேட்பது?

மண்டப மேலாளரை. விருந்து மண்டபம் என்று 2008 விதிகளே பெயர் சொல்கின்றன. பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் அன்றைக்கு யாரையும் கடிந்துகொள்ள முடியாத நிலையில் இருப்பார்கள்; சம்பந்தியின் மச்சானிடம் போய் ‘வெளியே போங்க’ என்று யார் சொல்வது? அதனால் இதை முகூர்த்தத்தன்று தொடங்கக் கூடாது, மண்டபம் பேசி முன்பணம் கொடுக்கும் அன்றே தொடங்க வேண்டும். ரசீதில் வாடகை, கரண்டு, துப்புரவுக் கட்டணம் என்று எழுதும் இடத்தில் ‘வளாகத்துக்குள் புகைபிடிக்கக் கூடாது’ என்றும் ஒரு வரி அச்சடித்துவிட்டால் போதும். பிறகு சொல்வது மண்டபத்துக் காவலாளி. பகை யாருக்கும் இல்லை.

பலகை 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ‘புகைபிடிக்கத் தடை செய்யப்பட்ட பகுதி, இங்கு புகைபிடிப்பது குற்றம்’ என்ற வாசகம் ஒவ்வொரு நுழைவாயிலிலும் மாடிப்படியிலும் தெரிய வேண்டும். மணமக்கள் பெயர் வைத்த ஃபிளெக்ஸுக்குப் பின்னால் அது மறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நடக்கிறது.

பிடிக்கத் தனி அறை கட்டலாமா என்று சில உரிமையாளர்கள் கேட்கிறார்கள். 30 அறைக்குக் குறையாத விடுதி, 30 பேருக்குக் குறையாமல் உட்காரும் உணவகம், விமான நிலையம் ஆகியவற்றுக்கு மட்டும் அந்த அனுமதி உண்டு. நான்கு பக்கமும் கூரை வரை சுவர், தானாக மூடும் கதவு, புகையை நேரே வெளியே தள்ளும் ஏற்பாடு எல்லாம் வேண்டும். அந்தச் செலவுக்குப் பதில், வேண்டியவர் கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் நடந்து போய்விட்டு வரட்டும் என்பதே நல்லது.

பந்தலைப் பற்றி ஒரு வார்த்தை. 1997 ஜூனில் தஞ்சைப் பெரிய கோயில் யாகசாலைப் பந்தலிலும், 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியிலும் நடந்த தீ விபத்துகளை நம் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இரண்டும் பீடியால் வந்தவை அல்ல. கீற்று எவ்வளவு வேகமாகப் பிடிக்கும் என்று தெரிந்த பிறகும் பந்தக்காலில் சாய்ந்துகொண்டு பத்த வைப்பவரைக் கண்டால் மட்டும் எனக்குப் பொறுமை போய்விடும்.

சாவு வீட்டில் தட்டில் பீடி, சிகரெட் வைப்பது வழக்கம். அதை எப்படி நிறுத்துவது?

அன்றைக்கு நிறுத்த முடியாது. துக்கத்தில் இருப்பவரிடம் விதி பேசுவது முறையும் அல்ல. இது தெருவில் நாலு பெரியவர்கள் சேர்ந்து சாவு இல்லாத நாளில் பேசி முடிக்க வேண்டிய காரியம். வெற்றிலை பாக்கு மட்டும் தட்டில் இருக்கட்டும் என்று முடிவெடுப்பது ஒரு வழி. அதற்கு ஒப்பாவிட்டால், பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கும் பந்தலுக்குள் தட்டு வராமல், தெருமுனையில் நாற்காலி போட்டு அங்கே வைப்பது. பறையடிக்க வந்தவர்களும் அங்கே போய் இளைப்பாறலாம்.

அவர் திண்ணையில்தான் பிடிக்கிறார். உள்ளே தூளியில் குழந்தை இருக்கிறது. போதுமா?

உள்ளே பிடிப்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால் நம் பழைய வீடுகளின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். வாசல், ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று நேர்கோட்டில் கதவுகள். காற்று ஓடட்டும் என்றே கட்டியவை. திண்ணையில் விட்ட புகை முற்றத்தின் வழியே வெளியேறுவதற்குள் கூடத்தைக் கடந்தாக வேண்டும். வாசல் கதவைச் சாத்திக்கொண்டு தெருவில் இறங்கிப் போவதுதான் சரி.

பிடித்து முடித்த உடனே வந்து குழந்தையைத் தூக்க வேண்டாம். கொஞ்ச நேரம் நின்று, கை வாய் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு வரட்டும். சட்டை, போர்வை, பாய், சுவர் எல்லாவற்றிலும் நிகோடின் படியும். காற்றிலுள்ள நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து அது புற்றுநோய்ப் பொருளாக மாறுகிறது என்று 2010இல் அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்று காட்டியது. தவழும் பிள்ளை எல்லாவற்றையும் தொட்டு வாயில் வைக்கும்.

புகை உள்ள வீட்டில் கைக்குழந்தை தூக்கத்திலேயே திடீரென இறந்துபோகும் ஆபத்து கூடுகிறது. காதில் சீழ், நெஞ்சுச் சளி, ஆஸ்துமா அடிக்கடி வரும். கர்ப்பிணி சுவாசித்தால் பிள்ளை எடை குறைந்து பிறக்கலாம். 2016-17இல் நாடு முழுக்க எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பில், வயதுவந்தோரில் 38.7 சதவீதம் பேர் வீட்டிலேயே அடுத்தவர் புகையைச் சுவாசிப்பதாகச் சொன்னார்கள். வீட்டுக்குள் சட்டம் வராது. அங்கே அம்மாவும் மாமியாரும்தான் அதிகாரிகள்.

அடுக்குமாடியில் கீழ்வீட்டுப் புகை பால்கனி வழியாக எங்கள் படுக்கையறைக்கு வருகிறது.

அவர் வீட்டுக்குள் பிடிப்பதை 4ஆம் பிரிவு தொடாது. மாடிப்படி, லிஃப்ட், வண்டி நிறுத்தும் இடம் ஆகியவற்றில் புகை கூடாது என்று குடியிருப்போர் சங்கம் பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு விதியில் சேர்க்கலாம். பால்கனி விஷயத்தில் பேச்சுவார்த்தைதான். எந்த நேரத்தில் வருகிறது என்று குறித்து வைத்துக்கொண்டு, கோபம் இல்லாத ஒரு மாலையில் போய்ச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவருக்குப் புகை மேலே ஏறுவதே தெரிந்திருக்காது.

பேருந்தில் ஓட்டுநரே பிடித்தால்? நெல் கொள்முதல் நிலையத்தில்?

பேருந்து பயணிகளுக்குப் பொது இடம், ஓட்டுநருக்கு வேலையிடம். நடத்துநரிடம் சொல்லுங்கள், வண்டி எண்ணையும் நேரத்தையும் குறித்துப் பணிமனைக்கு எழுதலாம். ரயிலுக்கு 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் தனியாகவே தடுக்கிறது.

நேரடி நெல் கொள்முதல் நிலையமும் வேலையிடம்தான். அறுவடை சமயத்தில் விவசாயிகள் ராத்திரி பகலாக நெல்லைக் காத்துக் கிடக்கிறார்கள், தூக்கம் வராமல் இருக்கப் பீடி. சுற்றிலும் சணல் சாக்கும் தார்ப்பாயும் வைக்கோலும். புகை ஒரு பக்கம், கங்கு ஒரு பக்கம். குவியலிலிருந்து நன்றாகத் தள்ளி, மணல் வாளியோடு ஓர் இடம் ஒதுக்கினால் சுமை தூக்குபவர்களுக்கும் உதவி, நெல்லுக்கும் பாதுகாப்பு.

கொசுவத்தியும் சாம்பிராணியும் தினமும் போடுகிறோம். பீடியை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்?

நல்ல கேள்வி. மூடிய அறையில் ஒரு கொசுவத்திச் சுருள் முழுதாக எரிந்தால் அதிலிருந்து வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. ஆற்றுத் தண்ணீர் வாய்க்காலில் ஓடும் மாதங்களில் கொசு இல்லாமல் தூங்க முடியாது, தெரியும். அதற்குக் கொசுவலை இருக்கிறது. அதைக் கட்டுங்கள், பீடியையும் வெளியே அனுப்புங்கள்.

வயதில் பெரியவரிடம் எப்படிச் சொல்வது? மரியாதைக் குறைவாக இருக்காதா?

‘பிடிக்காதீங்க’ என்று தொடங்கினால் சண்டைதான். பெரியப்பா, மாமா, அண்ணே என்று உறவைச் சொல்லி அழைத்து, உங்கள் கஷ்டத்தைச் சொல்லுங்கள்: ‘மாமா, பிள்ளைக்கு நெஞ்சுச் சளி, புகை ஆகலை. கொஞ்சம் அந்தப் பக்கம் வச்சுக்கலாமா?’ பிள்ளை என்ற சொல் வந்துவிட்டால் பெரும்பாலானவர்கள் தாமாகவே எழுந்து போய்விடுவார்கள். முன்பின் தெரியாதவர் என்றால் ‘ஐயா’ போதும். முறைத்தால் விட்டுவிட்டுப் பொறுப்பாளரிடம் போங்கள்.

நம் ஊரில் இதெல்லாம் நடக்கிற காரியமா?

சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பிய மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பையன்களைக் கேளுங்கள். அங்கே 2013 முதல் அடுக்குமாடி நடைபாதைகளில் பிடிக்கக் கூடாது, பேருந்து நிழற்குடையிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளிப் போக வேண்டும். அத்தனையும் ஒழுங்காகச் செய்தவர்தான் திருச்சி விமான நிலையத்தில் இறங்கி ஊர் வந்ததும் நிழற்குடைக்குள்ளேயே பத்த வைக்கிறார். ஆள் அதே ஆள், இடம்தான் வேறு. இங்கே அந்த இடத்துக்கு யாரும் பொறுப்பு எடுக்கவில்லை.

ஊராட்சி அளவில் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரலாம். அக்டோபர் 2 கூட்டம் பொருத்தமான நாள். நிழற்குடை, ரேஷன் கடை, படித்துறை, சமுதாயக்கூடம் என்று இடங்களைப் பெயர் சொல்லி எழுதுங்கள். ‘ஊர் முழுவதும்’ என்று பொதுவாக எழுதினால் எங்கேயும் நடக்காது. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பெயரைப் போடுங்கள்.

விட வேண்டும் என்று இருக்கிறது. எங்கே போவது?

1800-11-2356 என்ற இலவச எண் சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது. அரசு மருத்துவமனையிலும் கேட்கலாம். நிகோடின் சூயிங்கம், மருந்து எல்லாம் இருக்கின்றன, வைராக்கியம் ஒன்றையே நம்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

மின்சிகரெட்டில் புகை இல்லையே?

2019ஆம் ஆண்டுச் சட்டப்படி அதன் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை எல்லாமே நாட்டில் தடை. அதிலிருந்து வருவது வெறும் நீராவியும் அல்ல. நிகோடினும் நுண்துகளும் இருக்கின்றன.

வெற்றிலையோடு வேதாரண்யம் புகையிலை போடுகிறவர்களும் இந்த விதிக்குள் வருவார்களா?

புகைத் தடைக்குள் வரமாட்டார்கள், ஏனென்றால் அது பக்கத்தில் இருப்பவர் நுரையீரலுக்குப் போவதில்லை. போடுகிறவர் வாய்க்குத்தான் ஆபத்து, வாய்ப் புற்றுநோய் அதில் முதன்மை. ஆனால் மெல்லுகிறவர் துப்பியாக வேண்டும். தமிழ்நாட்டின் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரே புகைபிடித்தல், எச்சில் துப்புதல் இரண்டையும் சேர்த்துத்தான் இருக்கிறது. மண்டபத்துப் படிக்கட்டு மூலை சிவந்து கிடந்தால் அதற்கும் அதே மேலாளரைக் கேட்கலாம்.